முன்பாரமும் பின்பாரமும்

கண்டெய்னர் கதவில் சீல் விழுந்துவிட்டால், அதை இழுத்துக்கொண்டு போகப்போகிற ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. மொத்த எடை எவ்வளவு என்று ஒரு காகிதம் சொல்லும். அந்த எடை முன்னால் உட்கார்ந்திருக்கிறதா, கதவோரம் குவிந்திருக்கிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்தின் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு மாலை, சீல் போட்டு முடித்த நாற்பதடி கண்டெய்னரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார் ஒரு ஓட்டுநர். சங்ககிரிப் பக்கத்துக்காரர். டயர்களை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். நான்கு மூலையிலும் கண்டெய்னரைப் பிடித்திருக்கும் லாக்குகளை அசைத்துப் பார்த்தார். பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்று, முழு வண்டியையும் பக்கவாட்டிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“என்னண்ணே பாக்குறீங்க?”

“ஸ்பிரிங் பட்டை எப்படி உக்காந்திருக்குன்னு பாக்குறேன் சார். முன்ன எவ்ளோ அமுங்கியிருக்கு, பின்ன எவ்ளோ அமுங்கியிருக்குன்னு. முன்பாரமா பின்பாரமான்னு தெரியாம எடுத்தா, பாலத்துல இறங்கும்போது வண்டியே சொல்லும். அப்போ தெரிஞ்சு என்ன பண்றது?”

முன்பாரம், பின்பாரம். இரண்டும் மாட்டுவண்டிக் காலத்துச் சொற்கள். நெல் மூட்டை ஏற்றுகிறவர் வண்டிக்குப் பின்னால் நின்று சொல்லுவார்: இன்னும் ரெண்டு மூட்டையை முன்னால தள்ளு, பின்பாரமா இருக்கு என்று. அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அச்சுக்கு முன்னால் அளவுக்கு மீறிப் போனால் கழுத்து அமுங்கி மாடு முழங்காலிடும். நல்ல வண்டிக்காரர் இரண்டுக்கும் நடுவே, நுகத்தடி கழுத்தில் லேசாகப் படிந்திருக்கும்படி ஏற்றுவார். அந்த லேசான அழுத்தம்தான் இந்த அத்தியாயத்தின் கதை. மாட்டுக்குப் பதில் இருநூறு குதிரைத்திறன் எஞ்சின் வந்துவிட்டது. நுகத்தடி இருந்த இடத்தில் இரும்புத் தட்டு வந்துவிட்டது. விதி மாறவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குவோம். ஒரு முழம் நூலை மேசைமேல் வளைந்து நெளிந்து கிடக்கும்படி போடுங்கள். ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுங்கள். நெளிவு எல்லாம் தானாக நிமிர்ந்து, நூல் விரலுக்குப் பின்னால் நேர்கோடாக வரும். இப்போது அதே முனையைப் பிடித்துத் தள்ளுங்கள். ஒரு அங்குலம்கூட நேராகப் போகாது. விரலருகிலேயே மடங்கிச் சுருளும். எவ்வளவு கவனமாகத் தள்ளினாலும் இதே கதைதான். இழுக்கும்போது சிறு கோணல் தானே சரியாகிறது. தள்ளும்போது சிறு கோணல் தானே பெரிதாகிறது. இயற்பியலில் முதலாவதை நிலையான சமநிலை என்றும் இரண்டாவதை நிலையற்ற சமநிலை என்றும் சொல்வார்கள்.

ஒற்றைப் புள்ளியில் பிணைக்கப்பட்ட இரண்டு வண்டிகளும் இந்த நூலைப் போலத்தான். முன்வண்டி இழுத்துக்கொண்டிருக்கும்வரை பின்வண்டி சாதுவாக வரும். பின்வண்டி முன்வண்டியைத் தள்ளத் தொடங்கும் நொடியில் ஆபத்து பிறக்கிறது. எப்போதெல்லாம் அது தள்ளும்? ரிவர்ஸ் எடுக்கும்போது, இறக்கத்தில், முன்வண்டி மட்டும் பிரேக் பிடித்துப் பின்வண்டி பிடிக்காதபோது. டிரெய்லர் ஓட்டுவதில் உள்ள திறமையில் பெரும்பங்கு, பின்னால் வருவது எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

இப்படிப் பிணைத்த வண்டிகள் ஓயாமல் போய்வரும் இடம் திருமுடிவாக்கம். அதற்குக் கிழக்கே தாம்பரத்திலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் போகும் புறவழிச்சாலை. மேற்கே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை. இரண்டுக்கும் நடுவே இந்தத் தொழிற்பேட்டை. லேத், பிரஸ், மோட்டார் உதிரிபாகம் என்று சிறு தொழிற்கூடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி என வடக்கே மூன்று துறைமுகங்கள். தெற்கிலும் மேற்கிலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள். சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே தனி முனையம் 1983-ல் வந்தது. அன்று தொடங்கிய இந்தப் பெட்டிகளின் போக்குவரத்து இன்று நம் புறநகர்ச் சாலைகளின் அன்றாடக் காட்சி.

ஒற்றைப் புள்ளி என்றேனே, அதைக் கையில் எடுத்தே பார்த்தேன். தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறையில் தேய்ந்துபோன கிங்பின் ஒன்று கிடந்தது. பிடிக்கும் இடத்தில் அதன் விட்டம் இரண்டு அங்குலம். காபி டம்ளரின் அடிப்பாகம் அளவு. டிரெய்லரின் முன்பக்கத்தின் அடியில் தலைகீழாக நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பின், இழுவை வண்டியின் முதுகில் உள்ள வட்டத் தட்டுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்கிறது. நம் ஊரில் அந்தத் தட்டை டர்ன் டேபிள் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் வைத்த வளையத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. மோட்டார் வண்டிக்கு அது இடம்பெயர்ந்ததும் குதிரை வண்டி செய்தவர்கள் கையால்தான். 1914-ல் டெட்ராய்ட் நகரக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ருஹாஃப், மர வியாபாரி ஒருவர் தன் படகை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டதற்காக இரண்டு சக்கர இழுவண்டி ஒன்றைச் செய்துகொடுத்தார். முன்பாதியின் எடை இழுக்கும் வண்டியின்மேல் சாய்ந்திருந்ததால் அதற்கு அரை இழுவண்டி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நுகத்தடி மாட்டின் கழுத்தில் படிந்த அதே ஏற்பாடு.

கிங்பின் தட்டில் விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதை நம்பி உடனே கிளம்பக் கூடாது. டிரெய்லர் ஓரிரு அங்குலம் உயரமாக நின்றிருந்தால், பின் பூட்டுக்குள் போகாமல் தட்டின் மேலேயே சவாரி செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியதுபோலவே தெரியும். அதனால் அனுபவஸ்தர்கள் கீழே இறங்கி, டார்ச் அடித்து, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, பூட்டின் தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு முதல் கியரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகுதான் காற்றுக் குழாய்களும் விளக்கு வயரும்.

அந்தக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரெய்லரின் பிரேக் அழுத்தக் காற்றால் இயங்குகிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களில் ரயிலுக்காகக் கண்டுபிடித்த தலைகீழ் யோசனைதான் இங்கும்: குழாய் அறுந்து காற்று போனால் பிரேக் விட்டுப்போகாது, பிடித்துக்கொள்ளும். அருமையான பாதுகாப்பு. ஆனால் பெடலை மிதித்த செய்தி குழாய் வழியாகப் பின் அச்சுகளை அடைய ஒரு நொடியின் பகுதி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி நொடிக்குப் பதினேழு மீட்டர் ஓடுகிறது. அரை நொடித் தாமதம் என்றாலும் எட்டு மீட்டர். நிறுத்த வேண்டிய ஆற்றலையும் கணக்கிட்டுப் பாருங்கள். நாற்பது டன் எடையும் 60 கிலோமீட்டர் வேகமும் சேர்ந்தால் ஏறத்தாழ 55 லட்சம் ஜூல், அதாவது உங்கள் வீட்டு மீட்டரில் ஒன்றரை யூனிட். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அதை ஐந்து நொடிக்குள் பிரேக் டிரம்கள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அந்த ஐந்து நொடியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்டதற்குச் சமமான வெப்பம் அது. டிரெய்லருக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் பைக்கை நுழைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் அந்த இடைவெளியை விட்டு வந்தது சோம்பலால் அல்ல.

கோடை முடிந்து விழும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பிச் சறுக்கும். அப்போது இழுவை வண்டியின் பின்சக்கரங்கள் பிரேக்கில் பூட்டிக்கொண்டால், அவற்றுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். பின்னால் முப்பது டன் தள்ளுகிறது. நூலின் முனை மடங்குவதுபோல இழுவை வண்டி கிங்பின்னில் மடங்கி, ஓட்டுநர் இருக்கும் கேபின் டிரெய்லரின் பக்கத்தில் வந்து மோதும். மடக்குக் கத்தி மூடுவதுபோல ஒரு நொடி, இரண்டு நொடி. பாதி மடங்கிய பிறகு ஸ்டீயரிங்கால் மீட்க முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் 2015 அக்டோபரிலிருந்து புதிய கனரக வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இந்த மடங்கலுக்கு எதிராக வந்த மிக நல்ல காரியம் அது. ஆனால் பின்பாரமாக ஏற்றிய டிரெய்லரில் இழுவை வண்டியின் பின்சக்கரங்களுக்குப் போதிய எடையே கிடைக்காது. எடையில்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு எங்கிருந்து வரும்? எந்த மின்னணுக் கருவியும் இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

பெரிய டிரெய்லர்களையாவது பயிற்சி பெற்றவர்கள் ஓட்டுகிறார்கள். எனக்குக் கூடுதல் பயம் தருவது நம் தெருக்களில் சாயங்காலம் போகும் சின்ன இழுவைகள். அனகாபுத்தூர், பம்மல், குன்றத்தூர் பக்கம் எங்கு பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் கலவை மெஷினை ஒரு மினி லாரியின் பின்னால் ஒரு பின்னோ கம்பியோ போட்டு மாட்டி, அடுத்த இடத்துக்கு இழுத்துப் போகிறார்கள். அதற்குப் பிரேக் கிடையாது, விளக்கு கிடையாது, சில சமயம் மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் அது சும்மா வரும். நாற்பதைத் தாண்டினால் வாலை ஆட்டத் தொடங்கும்.

ஏன் வேகம் கூடினால் ஆட்டம் கூடுகிறது? பின்வண்டி ஒரு பள்ளத்தில் இடறிப் பக்கவாட்டில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் டயர் அப்போது தான் பார்க்கும் திசையில் போகவில்லை. சற்றுக் கோணலாகப் போகிறது. அந்தக் கோணல்தான் ரப்பரை முறுக்கி, ஆட்டத்தை எதிர்க்கும் விசையைப் பிறப்பிக்கிறது. வண்டி நொடிக்குப் பத்து மீட்டர் ஓடினால் கோணல் சுமார் மூன்று பாகை. இருபது மீட்டர் ஓடினால் அதே ஆட்டத்துக்குக் கோணல் ஒன்றரைப் பாகைதான். எதிர்க்கும் விசையும் பாதி. ஆட்டத்தைத் தின்னும் வாய் வேகம் கூடக்கூடச் சிறுத்துக்கொண்டே போகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது ஆட்டத்தைத் தின்னுவதற்குப் பதில் ஊட்டத் தொடங்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த எல்லை வேகம் எது என்பதைப் பாரம் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. அச்சுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் எடை இருந்தால் எல்லை மேலே போகும். பின்பாரமானால் சரசரவென்று இறங்கும். காருக்குப் பின்னால் சிறு டிரெய்லர் கட்டுகிறவர்களுக்கு, பின்வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுத்தினால் நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

ஆடத் தொடங்கிவிட்டால் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் ஓடும். அது தவறு. முன்வண்டி மட்டும் பிரேக் பிடித்தால் பின்வண்டி தள்ளும், நூல் மடங்கும். ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பி அடக்கப் பார்ப்பதும் தவறு. நம் கை எப்போதும் ஆட்டத்துக்கு ஒரு கணம் பிந்தி வரும், ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளினவன் கதையாகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் லீவர் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். பின்னால் பிடிக்கும் பிரேக் நூலை இழுத்து நிமிர்த்தும்.

இனி, டிரெய்லர் ஓட்டாத நம் எல்லோருக்குமான விஷயம். இதற்கு ஒரு வரைபடமும் பள்ளியில் படித்த செங்கோண முக்கோணமும் போதும்.

டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி வருகின்றன. எவ்வளவு வெட்டும்? கிங்பின் 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிங்பின்னிலிருந்து பின் அச்சுகளின் நடுவரை 8 மீட்டர். வட்ட மையத்திலிருந்து கிங்பின்னுக்கு ஒரு கோடு: அது கர்ணம், 12. கிங்பின்னிலிருந்து பின் அச்சுக்கு ஒரு கோடு: 8. மையத்திலிருந்து பின் அச்சுக்கு மூன்றாவது கோடு. அதுதான் பின்சக்கரம் போகும் வட்டத்தின் ஆரம். 144-லிருந்து 64 போனால் 80. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9. ஆக, பின்சக்கரங்கள் மூன்று மீட்டர் உள்ளே ஓடுகின்றன. வண்டி அந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால்தான் முழு மூன்று மீட்டரும் வரும். தெருமுனையில் கால்வட்டம்தான் என்பதால் குறையும். இரண்டு மீட்டர் என்றே எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்கூட்டரும் அதில் இருக்கும் இரண்டு பேரும் அந்த அகலத்துக்குள் முழுசாக அடங்கிவிடுவார்கள்.

இதனால்தான் இடப்பக்கம் திரும்ப வேண்டிய டிரெய்லர் முதலில் வலப்பக்கம் ஒதுங்குகிறது. பின்னால் வருகிறவருக்கு அது வழிவிடுவதுபோலத் தெரியும். இடது ஓரத்தில் அகலமான காலியிடம் திறக்கும். அதில் பைக்கை விட்டால், ஓட்டுநரின் கண்ணாடியிலிருந்து மறைந்து, மூடிக்கொண்டிருக்கும் ஒரு முக்கோணத்துக்குள் போய்விட்டோம் என்று பொருள். கேபின் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியதும் இடது கண்ணாடி டிரெய்லரின் பக்கச்சுவரை மட்டுமே காட்டும். பின்சக்கரம் எங்கே வருகிறது என்று ஓட்டுநருக்கே சரியாகத் தெரியாது. சுவர் அருகில் வருவது முதலில் மெதுவாகத்தான் இருக்கும். அதுதான் ஏமாற்றுகிறது. சிட்கோ வாசல் திருப்பத்தில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு அம்மா அந்த இடைவெளிக்குள் போகப் பார்த்ததையும், டீக்கடையிலிருந்த நாலு பேர் ஒரே குரலில் கத்தி நிறுத்தியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வர்க்கமூலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் திருப்பத்தில் தினமும் உட்கார்ந்து பார்த்தவர்கள். இந்த முக்கோணத்தை எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் டிரெய்லர் படத்தோடு வைத்தால், பிதாகரஸ் பிள்ளைகள் மனதில் நிற்பார். பிள்ளைகளும் சாலையில் தப்பி நிற்பார்கள்.

வளைவில் இன்னொரு ஆபத்து குடை சாய்வது. கண்டெய்னரோடு சேர்ந்த டிரெய்லரின் எடைமையம் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கக்கூடும். சக்கரங்களின் நடுவிலிருந்து ஓரம்வரை தொண்ணூறு சென்டிமீட்டர்தான். ஸ்பிரிங்கும் டயரும் சாய்வதையும் கழித்தால், புவியீர்ப்பில் சுமார் 35 சதவீத அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தாலே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விடும். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள இறங்குபாதையில் அது 47 கிலோமீட்டர் வேகம். உள்ளே சரக்கு வெளிப்பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் ஒதுங்கியிருந்தால் 44-லேயே நடந்துவிடும். ஒரு கார் அதே வளைவில் அறுபதிலும் குடை சாயாமல் போகும். கொடுமை என்னவென்றால், முதலில் தூக்குவது டிரெய்லரின் கடைசி அச்சு. கேபினில் இருப்பவருக்கு அந்தத் தூக்கல் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கரில் இது இன்னும் மோசம். வளைவில் தண்ணீரும் சேர்ந்து வெளிப்பக்கம் ஓடும். டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள், ஆனால் அவை பெரும்பாலும் முன்பின் அலையைத்தான் தடுக்கும். முழு டேங்கரோ காலி டேங்கரோ பாதி டேங்கரைவிட நல்லது.

மறுபடி அந்தச் சீலுக்கு வருகிறேன். 2016 ஜூலை 1 முதல் கப்பலேறும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் எடை சரிபார்த்த சான்று கட்டாயம். 2018-ல் இந்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சுத் தொகுதிக்கு 24 டன்னிலிருந்து 27 டன், முழு டிரெய்லருக்கு 49-லிருந்து 55. எல்லாம் எவ்வளவு என்ற கேள்விக்கான பதில்கள். எங்கே என்ற கேள்விக்கு 2014-ல் வந்த சரக்கு ஏற்றும் முறைக்கான ஐ.நா. அமைப்புகளின் வழிகாட்டி பதில் வைத்திருக்கிறது. கண்டெய்னரின் நீளத்தில் எந்தப் பாதியிலும் மொத்தச் சரக்கில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது ஏற்றுகிறவர்கள் பின்பற்றும் எளிய கணக்கு. திருமுடிவாக்கம் போன்ற இடத்தில் இது முக்கியம், ஏனென்றால் இங்கிருந்து போவது எஃகு. எஃகு உதிரிபாகங்கள் பெட்டியின் பாதி உயரத்தைக்கூட எட்டாமல் எடை வரம்பைத் தொட்டுவிடும். மீதி இடம் காலியாகக் கிடக்கும். எங்கே வைப்பது என்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையனின் வசதியைப் பொறுத்தது. கதவு பின்னால் இருப்பதால், அவசரத்தில் கடைசியாக ஏற்றுவது கதவோரமே நின்றுவிடும். விபத்து நடந்தால் ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார் என்று எழுதுவார்கள். கட்டுப்பாட்டில் பாதி, அவர் வருமுன்பே, பூட்டிய கதவுக்குள் முடிவாகிவிட்டிருக்கும்.

ஏற்றுமதிக்காரர்கள் வழக்கமாக ஏற்றும்போது போட்டோ எடுக்கிறார்கள்: காலிப் பெட்டி, பாதி ஏற்றியது, முழுசாக ஏற்றியது, சீல். வாங்குகிறவருக்கு அனுப்பவும், தகராறு வந்தால் காட்டவும். அந்தப் படங்களை எடைச் சான்றோடு சேர்த்து ஓட்டுநர் கையிலும் கொடுக்க வேண்டும். செலவே இல்லாத காரியம் இது.

அன்று அந்தச் சங்ககிரிக்காரர் சூப்பர்வைசரிடம் போய், “தம்பி, அந்த ஏத்துன போட்டோவ ஒரு தடவ காட்டுப்பா” என்றார். சூப்பர்வைசர் போனை நீட்டினார். இவர் சட்டை ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு, பாதி ஏற்றிய படத்தைப் பெரிதாக்கி, இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்தார். சரக்குத் தட்டுகளுக்கு நடுவே கட்டை அடித்திருந்தார்கள். முன்சுவரிலிருந்து ஒரு ஆள் நீளம் விட்டு அடுக்கியிருந்தது.

“நடுவுலதான் இருக்கு. கொஞ்சம் முன்பாரம்.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “இருக்கட்டும், நல்லதுதான்.”

சக்கரத்தடியில் இருந்த கட்டைகளை எடுத்து கேபினுக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். கேட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒதுங்கி, நின்று, இடது கண்ணாடியைப் பார்த்தார். ஒரு சைக்கிள் கடந்து போகும்வரை காத்திருந்தார்.